கீழ்ப்படியும் கலகக்காரர்கள்

1

பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்படுகிறது. 'கிரீஸ்' இசை நாடகத்துக்கு ஆடிஷன். வருகிறவர்கள் ஏதாவது ஒரு பாட்டிலிருந்து 16 பார் அளவுக்குத் தயார் செய்துகொண்டு வரவேண்டும். ஆடுவதற்கு வசதியான உடை, ஏற்ற காலணி. நேரத்துக்கு முன்னதாக வந்து, பெயரைக் கொடுத்து, எண்ணை வாங்கி, நெஞ்சில் குத்திக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டும். ஒத்திகைக்குத் தவறாமல் அனுப்புவதாகப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வருஷா வருஷம் நடக்கும் காரியம் இது. இவ்வளவு ஒழுங்குக்கும் உட்பட்டுத் தேர்வாகிறவன் மேடையில் செய்யப்போவது என்ன? தலைமுடியில் எண்ணெய் வழிய, லெதர் ஜாக்கெட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆசிரியையைக் கேலி செய்து, பாடத்தைப் புறக்கணித்து, 1959ஆம் வருஷத்துப் போக்கிரிப் பையனாக நிற்பது.

இதிலுள்ள முரண் யார் கண்ணிலும் படும். படுவதாலேயே இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். கலகத்தைக்கூட முதலாளித்துவம் விற்பனைப் பண்டமாக்கிவிட்டது என்று ஒரு வாக்கியம் எழுதினால் கட்டுரை முடிந்துவிடும். அப்படி முடிந்த கட்டுரைகளை நாம் நிறையப் படித்தாகிவிட்டது. ஆனால் நடிகன் தான் நடிக்கும் பாத்திரமாகவே வாழ்ந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒதெல்லோவாக நடிக்கிறவன் வீட்டில் மனைவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கலகத்தை நடிப்பதற்கும் குரல் வேண்டும், தாளம் வேண்டும், குறித்த இடத்தில் குறித்த கணத்தில் கால் விழ வேண்டும். ஒழுங்கு என்பதையே உதறிய கலகம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு, யாப்போடு சேர்த்து எல்லாவற்றையும் உதறிவிட்டு நம் பத்திரிகைகளுக்கு வந்து சேரும் கவிதைகளே போதும்.

ஆகவே இந்தப் பிள்ளைகள் கீழ்ப்படிகிறார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டே ஆகாது. எதற்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பதுதான் கேள்வி. கலையின் ஒழுங்குக்கா? அல்லது ஏற்கெனவே எல்லோருடைய ஞாபகத்திலும் உறைந்துபோன ஒரு மேல்தோற்றத்துக்கா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆடிஷன் மேஜைக்கு முன்னால் நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

சொந்த அனுபவம் ஒன்று. என் கல்லூரி நாட்களில் ஆங்கிலத் துறையினர் 'ஜூலியஸ் சீஸ'ரிலிருந்து ஒரு காட்சி போட்டார்கள், சவத்தின் முன் ஆன்டனி பேசும் காட்சி. ரோமாபுரி ஜனங்களுக்கும் தேர்வு வைத்தார்கள். ஐந்து ஐந்து பேராக நின்று கத்திக் காட்டினோம். என்னோடு நின்றவன் ஒருவன், விடியற்காலையில் மார்க்கெட்டில் தகப்பனோடு மூட்டை இறக்கிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவன், அவன் கத்தியபோது அறை ஒரு கணம் ஸ்தம்பித்தது. அவனை எடுக்கவில்லை. ஆன்டனியின் குரல் அமுங்கிப்போகும் என்றார் பேராசிரியர். என்னை எடுத்தார்கள். எந்த வசனத்துக்குக் கையை எந்த உயரம் தூக்குவது என்பதை மூன்று நாள் ஒத்திகையில் கற்றுக்கொண்டேன். பேராசிரியர்மேல் எனக்கு வருத்தமில்லை. மேடையை நிர்வகிக்கிறவர் கவலைப்படவேண்டியதற்குத்தான் அவர் கவலைப்பட்டார். ஆனால் அந்தக் குரல் இல்லாமல் நாங்கள் கொளுத்திய ரோமாபுரி பற்றிக்கொள்ளவில்லை. இது எனக்கு அன்றே தெரிந்திருந்தது.

2

'கிரீஸ்' பிறந்த இடத்தைச் சற்றுப் பார்க்கலாம். 1971 பிப்ரவரியில் சிகாகோவில், டிராம் வண்டிகளை நிறுத்தும் கொட்டகையாக முன்பு இருந்த ஒரு கட்டிடத்தில், கிங்ஸ்டன் மைன்ஸ் என்ற சிறிய அரங்கில் இது முதலில் மேடையேறியது. எழுதியவர்கள் ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேஸி. அமெச்சூர் நாடக உலகத்தைச் சேர்ந்தவர்கள். நாடகத்தின் ரைடெல் பள்ளி, ஜேக்கப்ஸ் படித்த சிகாகோ டாஃப்ட் உயர்நிலைப் பள்ளியின் நிழல். கிரீஸர்கள் என்பவர்கள் யார்? தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். பழைய கார்களைப் பிரித்துச் சேர்க்கிறவர்கள். அந்தப் பெயர்களைக் கேட்டாலே போதும்: ஸூக்கோ, டும்ப்ராவ்ஸ்கி, லாட்டியரி. போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பெயர்கள். சிகாகோவில் போட்ட வடிவம் முரடானது, கெட்ட வார்த்தைகள் மலிந்தது, அந்த ஊரின் தெருக்களையும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நியூயார்க்குக்குப் போனபோது ஊர்ப் பெயர்கள் உதிர்ந்தன. 1972 பிப்ரவரியில் அங்கே தொடங்கி, 1980 ஏப்ரலில் நிறுத்தப்படும்வரை 3388 முறை நடந்தது. அதுவரை பிராட்வேயில் எந்த நாடகமும் அவ்வளவு காலம் ஓடியதில்லை.

1978இல் படம் வந்தபோது சாண்டி டும்ப்ராவ்ஸ்கி சாண்டி ஆல்ஸன் ஆகிவிட்டாள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண். ஒலிவியா நியூட்டன்-ஜானின் உச்சரிப்புக்காகச் செய்த மாற்றம். காரணம் நியாயமானதுதான். ஆனால் மாற்றத்தில் போனது ஒரு பெயர் மட்டுமில்லை. யார் வீட்டுப் பிள்ளைகள் கலகம் செய்தார்கள், எதனால் செய்தார்கள் என்ற தடயம் போய்விட்டது. சிகாகோவின் வடமேற்கு மூலை போய்க் கலிபோர்னியாவின் வெயில் வந்தது. படப்பிடிப்பு நடந்த 1977இல் நியூட்டன்-ஜானுக்கு 28 வயது. தன் வயது திரையில் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து ஸ்க்ரீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னவர் அவரேதான். ரிஸோவாக நடித்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33. உலகம் முழுவதும் பள்ளிப் பருவத்துக் கலகத்தின் உருவம் என்று மனதில் பதித்துக்கொண்டது இவர்களை. இன்றைய பதினாறு வயதுப் பெண் ஆடிஷனுக்குத் தயார் செய்யும்போது அவள் பார்த்துப் பழகுவது ஒரு முப்பத்துமூன்று வயதுப் பெண்மணி பதினேழாக நடித்ததை. அசலான வயதை உடையவள், அந்த வயதின் நகலை நகலெடுக்கிறாள்.

நாடகத்தின் தொடக்கத்தை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. படத்தில் அது கிடையாது. மேடையில் திரை விலகும்போது நாம் பார்ப்பது 1959ஆம் வருஷ மாணவர்களின் பழைய மாணவர் சங்கக் கூட்டம். வந்திருப்பவர்கள் ஆசிரியை மிஸ் லிஞ்ச், வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்கிய பாட்டி சிம்காக்ஸ், புத்தகப் புழுவான யூஜீன். அவர்கள் பள்ளிப் பாட்டைப் பாடுகிறார்கள், கடந்துபோன நாட்களைப் பற்றிப் பேசுகிறார்கள். கிரீஸர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. பள்ளிப் பாட்டின் கேலி வடிவத்தோடு அவர்கள் பிறகுதான் மேடைக்குள் பாய்கிறார்கள். அதாவது ஞாபகக் கூட்டத்தைக் கூட்டுகிறவர்கள் கீழ்ப்படிந்தவர்கள். கலகம் செய்தவர்கள் அழைப்பில்லாமல், கடந்த காலத்திலிருந்து வருகிறார்கள். ஆசிரியர்கள் இதை எவ்வளவு யோசித்துச் செய்தார்களோ, வைத்த இடம் சரியான இடம். பள்ளி ஆடிஷனில் இது இன்னொரு சுற்று திரும்புகிறது. பெற்றோரின் கையெழுத்தோடு நேரத்துக்கு வந்து நிற்பது பாட்டியும் யூஜீனும்தான். தேர்வானபின் அவர்களே ரிஸோவாகவும் கெனிக்கியாகவும் ஆகிறார்கள்.

கதையின் போக்கையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். சாண்டிக்கு நாடகம் முழுக்க நடப்பது ஓர் ஆடிஷன். பிங்க் லேடீஸ் என்ற கூட்டம் அவளை ஏற இறங்கப் பார்க்கிறது. சிகரெட்டை நீட்டுகிறது. காது குத்த முயல்கிறது. அவள் தோற்கிறாள். கடைசிக் காட்சியில் இறுக்கமான உடையும் சுருட்டிய முடியுமாக வந்து நிற்கிறாள், வேஷம் கிடைத்துவிடுகிறது. உள்ளுக்குள் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நாடகம் சொல்வதில்லை. அவளுக்குக் கலகம் என்பது கடைசியில் ஒரு சீருடை. இந்த நாடகம் ஆடிஷன்காரர்களின் கையில் இவ்வளவு இணக்கமாக உட்கார்ந்துகொள்வதன் காரணம் அதன் முடிவிலேயே இருக்கிறது.

3

இதற்கு எதிர்ப் பக்கத்தில் வைக்கவேண்டியது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 1957 செப்டம்பரில் பிராட்வேயில் வந்தது. நியூயார்க் தெருவில் இரண்டு இளைஞர் கும்பல்கள் ஒன்றையொன்று கொல்லும் கதை. அது எழுதப்பட்டபோது கடந்த காலத்தைப் பற்றியதல்ல, அன்றைய செய்தித்தாளைப் பற்றியது. ஜெரோம் ராபின்ஸ் நட்சத்திரங்களைத் தேடாமல் ஒரே ஆள் ஆடவும் பாடவும் நடிக்கவும் வேண்டும் என்று தேடினார். மரியா வேஷத்துக்கு கேரல் லாரன்ஸ் மீண்டும் மீண்டும் வந்து பாடிக் காட்டவேண்டியிருந்தது. ஒத்திகையில் ஜெட்ஸ் கும்பலும் ஷார்க்ஸ் கும்பலும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது, பழகக்கூடாது என்று ராபின்ஸ் விதித்தார். தெருச் சண்டைச் செய்திகளைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். மனிதர் கொடுமைக்காரர் என்று அவரிடம் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கொடுமையை நான் சிலாகிக்கவில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்படிதலின் திசை வேறு. முன்பே பார்த்த ஒரு நடிப்பை அங்கே யாரும் திரும்பச் செய்யவில்லை. இன்னும் யாரும் பார்த்திராத ஒன்றைக் கண்டெடுப்பதற்காக உடம்பு வதைபட்டது. விரலைச் சொடுக்கும் ஓசையிலிருந்து ஒரு வன்முறை எப்படி எழுகிறது என்பதை அந்த உடம்புகள்தான் முதலில் காட்டின.

நாளடைவில் அதுவும் கடந்த காலமாயிற்று. ஸ்பீல்பெர்க் 2021இல் அதைத் திரும்பப் படமாக எடுத்தபோது பகிரங்க அழைப்புக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். தன்னைத்தானே வீடியோ எடுத்து அனுப்பிய பதினாறு வயது ரேச்சல் ஸெக்லர் மரியா ஆனார். 1961 படத்தில் ரஷ்ய வம்சாவளியினரான நடாலி வுட் மரியா. போர்ட்டோரிக்கோவில் பிறந்த ரீட்டா மோரேனோவுக்கேகூட நிறத்தைக் கூட்டும் ஒப்பனை. அந்த வழக்கத்துக்கு எதிராக எழுந்த வாதம் ஆடிஷன் விதியையே மாற்றிவிட்டது. யார் மேஜைக்கு முன்னால் வரலாம் என்பதில் ஒரு கலகம் நடந்து வென்றிருக்கிறது என்றால் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆடிஷனையே நாடகமாக்கியது 'எ கோரஸ் லைன்'. 1974 ஜனவரியில் மைக்கேல் பென்னெட் ஒரு நள்ளிரவில் நடனக்காரர்களைக் கூட்டி, அவர்கள் வாழ்க்கையைப் பேசவிட்டு, டேப்பில் பதிவு செய்தார். வீட்டில் பட்டது, பள்ளியில் பட்டது, உடம்பைப் பற்றிய வெட்கம், எல்லாம் வந்தது. அந்தக் கதைகளின் உரிமையை அவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் வருமானத்தில் ஒரு பங்கு கிடைக்க ஏற்பாடாயிற்று என்பது உண்மை. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. நாடகம் உருவானபின், கதை சொன்னவர்களில் சிலர் தங்கள் கதையிலிருந்தே உருவான பாத்திரத்துக்கு ஆடிஷன் கொடுக்க வேண்டிவந்தது. நீ நீயாக நடிக்கத் தகுதியானவனா என்று மேஜைக்குப் பின்னாலிருந்து ஒருவர் தீர்மானிக்கிறார். காஃப்கா கற்பனை செய்திருக்கக்கூடிய காட்சி.

ஆனாலும் அந்த நாடகம் பொய் சொல்லவில்லை. அதன் முடிவில், அவ்வளவு நேரம் ஒவ்வொருவராகப் பெயரும் வயதும் காயமும் சொல்லி நின்றவர்கள் ஒரே மாதிரியான பொன்னிற உடையில், ஒரே தொப்பியோடு, ஒரே வரிசையில் காலைத் தூக்குகிறார்கள். யார் எவர் என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. தேர்வின் வெற்றி என்பது என்ன என்று அதைவிடத் துல்லியமாக எந்த வியாபார நாடகமும் சொன்னதில்லை. 1983இல் அது 'கிரீஸி'ன் சாதனையைத் தாண்டியது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவைச் சந்தோஷமான முடிவு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றே நான் ஊகிக்கிறேன். அதற்கு நாடகம் பொறுப்பில்லை.

2007இல் நடந்ததுதான் மூன்றாவது வகை. 'கிரீஸை'ப் பிராட்வேயில் மறுபடி போடுவதற்காக டானியையும் சாண்டியையும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேயர்களின் ஓட்டால் தேர்ந்தெடுத்தார்கள். மாக்ஸ் க்ரம், லாரா ஆஸ்னெஸ் இருவரும் வென்றார்கள். இங்கிலாந்திலும் அதே வருஷம் அதே காரியம் நடந்தது. அவர்கள் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆஸ்னெஸ் அதன்பின் பிராட்வேயில் முக்கியமான வேஷங்களில் நிலைத்தவர். ஆனால் ஓட்டுப் போடுகிறவன் மனதில் இருக்கும் அளவுகோல் எது? ட்ரவோல்டாவும் நியூட்டன்-ஜானும். யார் அந்த இருவருக்கு மிக அருகில் வருகிறார்களோ, எரிச்சலூட்டாத அளவுக்கு மட்டும் வேறுபடுகிறார்களோ, அவர்கள் வெல்வார்கள். அந்த மறு மேடையேற்றத்தில் படத்துக்கென்று எழுதப்பட்ட பாட்டுகளையும் நாடகத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள் என்பதுதான் காரணம். நகல், மூலத்தைத் திருத்திவிட்டது. இங்கே கீழ்ப்படிதல் முழுமையடைகிறது. நடிகன் இயக்குநருக்கும், இயக்குநர் நேயருக்கும், நேயர் தன் ஞாபகத்துக்கும் கீழ்ப்படிகிறார்கள். அந்த ஞாபகமும் அவருடையதல்ல.

4

பள்ளிகளுக்கென்று உரிமம் தரப்படும் தனிப் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் சிகரெட் இல்லை, மது இல்லை, வசை இல்லை. ரிஸோ தான் கர்ப்பமாகிவிட்டோமோ என்று அஞ்சும் பகுதி இல்லை. அதைத் தொடர்ந்து அவள் தனியே நின்று பாடும் பாட்டும் இல்லை. 'கிரீஸி'ல் ஒரு பாத்திரம் தன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பாட்டுதான். ஊர் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, தான் செய்தது எது, செய்யாதது எது என்று அவளே நிறுத்துப் பார்க்கும் இடம். நாடகம் முழுவதும் சீருடையாக இருந்த கலகத்துக்கு அங்கே ஒரு கணம் தோலும் ரத்தமும் வருகிறது. அதை எடுத்துவிட்டால் ரிஸோ வெறும் வாயாடி. நாடகமே ஒரு மாறுவேஷப் போட்டி.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை மேடையேற்றுவதில் உள்ள சங்கடத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அது உண்மையான சங்கடம். 2005 நவம்பரில் மிஸௌரி மாகாணத்தில் ஃபுல்டன் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் 'கிரீஸ்' போட்டார்கள். சர்ச் ஒன்றைச் சேர்ந்த சிலர் புகார்க் கடிதம் எழுதினார்கள். விளைவாக, அடுத்ததாகப் போட இருந்த ஆர்தர் மில்லரின் 'தி குரூஸிபி'ளைப் பள்ளி அதிகாரி ரத்து செய்தார். பதிலாக 'எ மிட்ஸம்மர் நைட்ஸ் ட்ரீம்'. நாடக ஆசிரியை வேலையை விட்டு விலகினார். 'தி குரூஸிபிள்' எதைப் பற்றியது? ஸேலம் என்ற ஊரில் 1692இல், சில பெண்கள் காட்டில் ஆடியதில் தொடங்கிய புகார்களின்பேரில் ஊரே ஆட்களைத் தூக்கில் போட்டதைப் பற்றியது. மில்லர் 1953இல் அதை எழுதியது தன் காலத்துப் புகார்க் கடிதங்களை மனதில் வைத்துத்தான். சூனியக்காரி வேட்டையைப் பற்றிய நாடகத்தைப் புகாருக்குப் பயந்து நிறுத்துகிறவருக்கு அந்த நாடகத்தைப் படிக்க அவகாசம் இருந்திருக்காது.

கடந்த காலத்து இளைஞர்களின் கலகத்தை வேறு எப்படித்தான் மேடையில் வைப்பது? ஒரு வழி இருந்திருக்கிறது. ஃப்ராங்க் வெடகிண்ட் 1891இல் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' நாடகத்தைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். ஒன்றும் சொல்லித்தராத பெரியவர்களுக்கு நடுவே பிள்ளைகள் உடம்பையும் சாவையும் தாங்களே கண்டுபிடிக்கிற நாடகம். பதினைந்து வருஷம் கழித்து, 1906இல்தான், மாக்ஸ் ரைன்ஹார்ட் பெர்லினில் அதை மேடையேற்ற முடிந்தது. அதிலும் தணிக்கையின் வெட்டு. 2006இல் டங்கன் ஷீக்கும் ஸ்டீவன் ஸேட்டரும் இதை இசை நாடகமாக்கிப் பிராட்வேக்குக் கொண்டுவந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். உடையும் பேச்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனி. பாட்டு வரும்போது மட்டும் அந்தப் பள்ளிச் சீருடையின் உள்ளிருந்து கையில் பிடிக்கும் மைக்கை எடுத்து ராக் இசையில் பாடுவார்கள். கடந்த காலத்தை அவர்கள் அலங்கரிக்கவில்லை. அது இன்னும் கடக்கவில்லை என்றார்கள். இங்கே ஆடிஷனுக்கு வரும் பையன் எந்தப் பழைய நடிகனைப் போலவும் செய்துகாட்ட முடியாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள நூறு வருஷ இடைவெளியைத் தன் குரலால்தான் அவன் தாண்டியாக வேண்டும். நாடகம் எங்கும் ஒரே தரத்தில் இல்லை, சில பாட்டுகள் வெறும் ஏக்கம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை நடிகனிடம் கேட்கிறது.

மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். நான் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்கிறவன். பழைய மாதிரிக் கையெழுத்தோடு புதியது ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் செக் திரும்பிவிடும். வங்கிக்கு அது அவசியம். கலைக்கு அதே விதியை வைப்பதுதான் நசிவு. விமர்சகனும் சில சமயம் இதே கௌண்டரில் உட்கார்ந்துவிடுகிறான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரிஸோ வேஷத்துக்கு ஆடிஷன் கொடுக்க வந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு யோசனை உண்டு. பள்ளிப் பிரதியில் வெட்டப்பட்ட பாட்டை மேடையில் பாட உரிமம் இடம் தராது. ஆனால் எந்தப் பாட்டிலிருந்து 16 பார் கொண்டுவருவது என்று அறிவிப்பில் போடவில்லை. அந்தப் பாட்டையே அவள் தேர்வறையில் பாடலாம். ஐந்தோ ஆறோ பேர் இருப்பார்கள், ஒரு பியானோ இருக்கும். வேஷம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த வருஷம் அந்தப் பள்ளியில் 'கிரீஸ்' உண்மையாக நடந்தது அந்த அரை நிமிஷம்தான் என்று அறையிலிருக்கும் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.